கேட்பவரும் அவரே, கொடுப்பவரும் அவரே

நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் மாதம் தவறாமல் ஒரு சின்னச் செய்தி வரும். ‘மின் நுகர்வோர் குறைதீர் கூட்டம்’ என்று தலைப்பு. எந்தக் கோட்டத்தில், எந்தத் தேதியில், காலை எத்தனை மணிக்கு என்று போட்டு, மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் நடக்கும், பொதுமக்கள் நேரில் வந்து குறைகளைச் சொல்லிப் பயன்பெறலாம் என்று நாலு வரி. நல்ல ஏற்பாடுதான். தாழ்வாகத் தொங்கும் கம்பியைப் பற்றிச் சொன்னால் இழுத்துக் கட்டுவார்கள். சாய்ந்த கம்பத்துக்கு மதிப்பீடு போடச் சொல்வார்கள். அதற்கெல்லாம் அந்தக் கூட்டம் போதும்.

கூட்டத்தில் தீராத வழக்கு என்றால் என்ன செய்வது? மூன்று வருடத்துக்கு முன்னால் மீட்டர் பழுதான மாதங்களுக்குச் சராசரி போட்டோம், அந்தச் சராசரி குறைந்துவிட்டது, தணிக்கையில் இப்போதுதான் தெரிந்தது, ஆகவே இத்தனை ஆயிரம் ரூபாயை இத்தனை நாளுக்குள் கட்டுங்கள், இல்லையென்றால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஒரு தையல் கடைக்காரருக்கு நோட்டீஸ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் பழுதானது அவர் தவறில்லை. சராசரியைக் கணக்குப் போட்டவர் அவர் இல்லை. தணிக்கை மூன்று வருடம் கழித்து வந்ததற்கும் அவர் பொறுப்பில்லை. பணம் மட்டும் அவருடையது. இப்படிப்பட்டவருக்காகத்தான் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தன் 42ஆவது பிரிவில் ஒரு மன்றத்தை வைத்தது. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்துக்கும் ஒன்று இருக்கிறது.

அந்த மன்றத்தின் தலைவர் யார் என்று கேட்டால், அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர்.

எனக்கு ஆற்றாமை பொங்குவது இந்த இடத்தில்தான். நோட்டீஸ் அனுப்பிய உதவிப் பொறியாளர் இவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். அதைச் சரி என்று சொன்ன உதவி செயற்பொறியாளரும், அவருக்கு மேலுள்ள செயற்பொறியாளரும் இவருக்குக் கீழேதான். வட்டத்தின் வசூல் நிலுவைக்குத் தலைமை அலுவலகம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் இவர். தணிக்கையாளர் எழுதிய பத்தி தீராமல் நின்றால் அந்தக் கோப்பு வந்து விழுவதும் இவர் மேசையில். இத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு, விசாரணை நாளன்று இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, தையல் கடைக்காரருக்கும் தன் அலுவலகத்துக்கும் நடுவில் நியாயம் சொல்ல வேண்டும். மன்றத்தில் வெளியாட்களான உறுப்பினர்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் தலைவர் அவர்தான். கோப்பும் எழுத்தரும் அலுவலகக் கட்டடமும் அவருடையவை.

மேற்பார்வைப் பொறியாளர்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தன் கீழ் அலுவலர் செய்த தவறைத் தவறு என்றே எழுதிய மன்ற உத்தரவுகளும் உண்டு. ஆளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த மனிதரை ஏன் இப்படி ஒரு தர்மசங்கடத்தில் உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. தன் மகன் எழுதிய தேர்வுத்தாளைத் தானே திருத்த எந்த ஆசிரியரையும் நாம் விடுவதில்லை. அவர் நல்லவர் என்று தெரிந்தாலும் விடுவதில்லை. இங்கே மட்டும் எப்படி விடுகிறோம்?

மகாராஷ்டிரத்தில் மின் ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் போட்ட விதிகளைப் பார்த்தால், மன்றத்தின் தலைவராக ஓய்வுபெற்ற மூத்த நீதித்துறை அலுவலரையோ, மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாமல் பணியாற்றி ஓய்வுபெற்றவரையோ வைக்கலாம் என்று இருந்தது. விநியோக நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர் தலைவராக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அங்கே இருந்திருக்கிறது. நாடு முழுக்க அந்தப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மத்திய அரசு 2020 கடைசியில் மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்று கொண்டு வந்தது. இணைப்பு கொடுக்கக் கெடு, தாமதத்துக்கு இழப்பீடு என்று நல்ல விஷயங்கள் பல அதில் இருக்கின்றன. ஆனால் குறைதீர்க்கும் மன்றத்துக்கு விநியோக நிறுவனத்தின் அலுவலரே தலைமை தாங்குவார் என்று அந்த விதிகளே எழுதிவைத்துவிட்டன. நுகர்வோர் உரிமை என்று பெயர் வைத்த விதியில் இது இருப்பதைப் படிக்கும்போது மனசு ஆறவில்லை.

மன்றம் கைவிட்டால் மின்குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவரை நியமிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சென்னை கிண்டியில் திரு.வி.க. தொழிற்பேட்டையில், சிட்கோ கட்டடத்தின் நாலாவது மாடி. ஆணையத்தின் முகவரியும் அதுதான், குறைதீர்ப்பாளரின் முகவரியும் அதுதான். நாங்குநேரியிலோ ஊத்தங்கரையிலோ கடை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் கடையடைப்பு, பஸ் செலவு, வக்கீல் இல்லாமல் வாதாடும் பயம். பெரும்பாலோர் மன்றத்தோடு நிறுத்திக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். எதிர்த்துப் பேசியதற்காக நாளைக்கு மீட்டர் மாற்ற வேண்டி வந்தால் அலைக்கழிப்பார்களோ என்ற அச்சம் வேறு.

கீழே இப்படி என்றால் மேலே எப்படி?

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999 மார்ச்சில் அமைந்தது. அதற்கு முன் கட்டணத்தை அரசும் மின்வாரியமும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டன. தேர்தல் வந்தால் குறையும் அல்லது நிற்கும், கஜானா காய்ந்தால் ஏறும். அந்த வழக்கத்தை ஒழிக்கத்தான் 1998இல் மத்திய சட்டம் வந்தது. விற்பவர் வேறு, விலை சொல்பவர் வேறாக இருக்க வேண்டும். வாரியம் தன் வரவு செலவைக் காட்டி மனு போட வேண்டும், மக்கள் ஆட்சேபம் சொல்ல வேண்டும், இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாமவர் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். இந்த எண்ணத்தில் எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான் வயிறு எரிகிறது.

அந்த மூன்றாமவரைச் சுற்றி அரசு எத்தனை வேடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மின்சாரம் விற்கும் நிறுவனத்தின் முழு உரிமையாளர் மாநில அரசு. 1957இல் தொடங்கிய மின்வாரியம் 2010 நவம்பரில் கம்பெனிகளாகப் பிரிந்தது, 2024இல் உற்பத்தி தனி, பகிர்மானம் தனி, பசுமை எரிசக்தி தனி என்று மறுபடி பிரிந்தது. பெயர்ப் பலகைதான் மாறியது, முதலாளி மாறவில்லை. அந்த நிறுவனத்தின் தலைவராக ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை உட்கார வைப்பதும் அரசுதான். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம், விவசாயத்துக்கும் குடிசைக்கும் இலவசம், விசைத்தறிக்கு இலவச யூனிட் என்று அறிவிப்பதும் அதற்கு மானியம் தருவதும் அரசு. உள்ளாட்சிகளின் குடிநீர் மோட்டார், தெருவிளக்கு என்று பெரிய வாடிக்கையாளரும் அரசு. சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு வழிகாட்டுதல் தரக்கூடியதும் அரசு. கடைசியாக, அந்த ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பதும் அரசு. விற்பவர், மானியம் தருபவர், வாங்குபவர், வழிகாட்டுபவர், நீதிபதியை நியமிப்பவர் எல்லாம் ஒருவரே என்றால் எஞ்சியிருக்கும் ஒரே வெளியாள் பில் கட்டும் நாம்தான்.

2022ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஜூலை 18ஆம் தேதி மின்துறை அமைச்சர் செய்தியாளர்களைக் கூட்டி, இத்தனை யூனிட் ஓட்டுபவருக்கு மாதம் இத்தனை ரூபாய் கூடும், இன்னாருக்கு உயர்வே கிடையாது என்று அடுக்கடுக்காகச் சொன்னார். மறுநாள் பேப்பர்கள் ‘மின் கட்டணம் உயர்கிறது’ என்று முதல் பக்கத்தில் போட்டன. ஆணையத்தின் முன்னால் மனு அப்போதுதான் வந்திருந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்பு ஆகஸ்டில்தான் நடந்தது. கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கூட்டம் போட்டார்கள். சிறுதொழில் நடத்துபவர்கள், நூற்பாலைக்காரர்கள், குடியிருப்போர் சங்கத்தார், ஓய்வூதியர்கள் என்று எத்தனையோ பேர் கையில் தாளோடு வந்து வரிசையில் நின்று, கிடைத்த சில நிமிடத்தில் கணக்கு சொல்லிவிட்டுப் போனார்கள். செப்டம்பர் 9ஆம் தேதி உத்தரவு வந்தது. மறுநாளே, 10ஆம் தேதி, அமலுக்கு வந்தது.

வாரியத்தின் நிலைமை மோசம் என்பதை நான் மறுக்கவில்லை. கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்த நேரம் அது. எங்கேயாவது கட்டணம் ஏறத்தான் வேண்டியிருந்திருக்கும். ஆனால் ஜூலையில் அமைச்சர் வாயில் வந்த கட்டணம்தான் செப்டம்பரில் ஆணையத்தின் பேனாவில் வரப்போகிறது என்று ஊரே நம்பியது பாருங்கள், அதுதான் வேதனை. கருத்துக் கேட்புக்கு வந்தவர்களில் பலர், ‘சொல்லிட்டுப் போவோம், கேட்கவா போறாங்க’ என்று சொல்லிக்கொண்டேதான் மேடைக்குப் போகிறார்கள். முடிவு எடுப்பவர் தனியாள் என்ற நம்பிக்கை போய்விட்டால், அவர் நியாயமாகவே முடிவெடுத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே 2022இல் இன்னொன்றும் நடந்தது. ஆணையத்தில் சட்டம் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலிலேயே குஜராத் அரசு தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது. ஆணையம் கட்டணம் போடும் அலுவலகம் மட்டுமில்லை. உற்பத்தியாளருக்கும் பகிர்மான நிறுவனத்துக்கும் இடையில் வரும் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு சொல்வதும் அதே ஆணையம்தான். தானே விதி எழுதி, அந்த விதியின்படி தானே ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்து, அந்த ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் தானே நீதிபதியாக உட்கார்ந்து, விதியை மீறினால் தானே அபராதமும் போடும் அமைப்பு அது. இத்தனை அதிகாரம் ஓரிடத்தில் குவியும்போது நீதிமன்ற நடைமுறை அறிந்த ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் தமிழ்நாட்டில் கட்டண மனு விசாரணைக்கு வந்த நேரத்தில் அந்தச் சட்ட உறுப்பினர் இடம் காலியாகக் கிடந்தது. நூற்பாலைச் சங்கம் ஒன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. சட்ட உறுப்பினர் வரும் வரை இறுதி உத்தரவு போடக் கூடாது என்று தனி நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு செப்டம்பர் தொடக்கத்தில் அதை விலக்கியது. அடுத்த வாரமே கட்டண உத்தரவு வெளிவந்தது.

தீர்ப்பில் எது சரி என்று சொல்ல நான் சட்டம் படித்தவன் இல்லை. எனக்குப் புரியாத ஒன்று மட்டும் உண்டு. ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் எந்தத் தேதியில் முடியும் என்பது அவர் பதவியேற்ற அன்றே தெரியும். அது முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அரசு தேர்வுக்குழுவுக்கு எழுத வேண்டும் என்று 85ஆவது பிரிவு சொல்கிறது. காலண்டரைப் பார்க்கத் தெரிந்தவர் செய்துவிடக்கூடிய வேலை. இடம் காலியாகும் வரை ஆளை நியமிக்காமல் விட்டது அரசு. உறுப்பினர் இல்லாமலே வந்த அந்த உத்தரவின் பணம் தேவைப்பட்டது அரசின் நிறுவனத்துக்கு. இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்களுக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றுகிறது.

தேர்வுக்குழுவில் யார் இருக்கிறார்கள்? உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர், மத்திய மின்சார ஆணையம் அல்லது மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர், மாநிலத் தலைமைச் செயலாளர். தலைமைச் செயலாளருக்குக் கீழேதான் எரிசக்தித் துறைச் செயலாளர் வருகிறார். எரிசக்தித் துறையின் பிடியில்தான் மின் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆக, ஆணையத்தின் முன்னால் மனுதாரராக நிற்கும் நிறுவனத்தின் மேலதிகாரிக்கு மேலதிகாரி, அந்த மனுவை விசாரிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் மூவரில் ஒருவர்.

சட்டம் எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. பதவியில் இருக்கும்போது வேறு எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்று 84ஆவது பிரிவில் எழுதினார்கள். பதவி முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு வணிக நிறுவனங்களில் வேலைக்குச் சேரக் கூடாது என்றும் எழுதினார்கள். வெளியே போகும் வாசலுக்குப் பூட்டுப் போட்டவர்கள் உள்ளே வரும் வாசலைத் திறந்தே வைத்துவிட்டார்கள். நேற்று வரை மின் நிறுவனத்தின் உயர் பதவியில் இருந்து, அதன் கணக்குகளுக்கும் கொள்முதல் ஒப்பந்தங்களுக்கும் கையெழுத்துப் போட்டவர் ஓய்வுபெற்று, அடுத்த மாதமே ஆணைய உறுப்பினராக வந்து அதே கணக்குகளைச் சரிபார்க்கலாம். சட்டம் தடுக்கவில்லை. தன் கடமையைப் பாதிக்கக்கூடிய பணரீதியான அல்லது வேறு ஆர்வம் அவருக்கு இல்லை என்று தேர்வுக்குழு திருப்திப்பட்டால் போதும். முப்பது வருடம் ஓரிடத்தில் உழைத்த பாசத்தை எந்தப் படிவத்தில் எழுதி வாங்குவது?

மின்துறை தெரிந்தவர்தானே வேண்டும், வெளியாள் வந்து என்ன செய்வார் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மின்மாற்றி இழப்பையும் நிலக்கரிக் கொள்முதலையும் புரிந்துகொள்ளத் துறை அனுபவம் வேண்டும்தான். அதற்காகத் தன் பழைய அலுவலகத்தின் கணக்கைத் தானே பார்க்கும் ஒருவர்தான் கிடைப்பாரா? கேரளத்திலோ கர்நாடகத்திலோ பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவருக்கு இதெல்லாம் தெரியாதா? குறைந்தது இரண்டு மூன்று வருட இடைவெளி விட்டு வரச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்?

நியமன அதிகாரம் எவ்வளவு ருசியானது என்பதை டெல்லியில் 2023இல் பார்த்தோம். அங்கே ஆணையத் தலைவரை யார் நியமிப்பது என்று மாநில அரசும் துணைநிலை ஆளுநரும் மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதி ஜெயந்த் நாத்தைத் தற்காலிகமாக அமர்த்த வேண்டி வந்தது. ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர் உண்மையிலேயே யாருக்கும் கட்டுப்படாதவர் என்றால், அந்த நாற்காலிக்கு இரண்டு தரப்பும் இப்படிப் பிடிவாதம் பிடிப்பானேன்?

கட்டணம் ஏறியதற்காக மட்டும் நான் புலம்பவில்லை. ஏறாமல் நின்றதும் இதே நோயின் இன்னொரு முகம். தமிழ்நாட்டில் ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு 2003 மார்ச்சில் வந்தது. அடுத்தது 2010 ஜூலையில். நடுவில் ஏழு வருடம். மின்வாரியம் மனுப் போடவில்லை, ஏனென்றால் அதன் முதலாளிக்கு விருப்பமில்லை. ஆணையமும் கேட்கவில்லை. 2012 ஏப்ரலில் ஒரே அடியாக ஏறியபோது வீட்டுக்கு வீடு கூக்குரல். மாநில ஆணையங்கள் ஆண்டுதோறும் கட்டணத்தைப் பார்க்க வேண்டும், நிறுவனம் மனுப் போடாவிட்டால் தாமாகவே எடுத்து விசாரிக்க வேண்டும் என்று டெல்லியிலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் கண்டிப்பாகச் சொன்னது. அதன்படி 2014 டிசம்பரில் ஆணையம் தானாக ஓர் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு 2022 வரை உயர்வு இல்லை. இடையில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள். அந்த வருடங்களில் சேர்ந்த நட்டம் எங்கும் போகவில்லை. கடனாகவும் வட்டியாகவும் வளர்ந்து, இன்று தொழிற்சாலை பில்லிலும் கடை பில்லிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி விநியோக நிறுவனங்கள் வழக்கில் இப்படி மாநிலங்கள் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் பாக்கிகளைக் காலக்கெடு வைத்துத் தீர்க்கச் சொல்லிவிட்டது. எந்த ஆணையம் அன்றைக்குக் கேட்காமல் விட்டதோ அதே ஆணையம் இனி அதை நம்மிடம் வசூலிக்க வழி சொல்லும்.

2024ஆம் ஆண்டு உத்தரவும் இதே ரகம். 4.83 சதவீத உயர்வு, ஜூலை 1 முதல் அமல். உத்தரவு வெளிவந்ததோ ஜூலை 15. விக்கிரவாண்டி இடைத்தேர்தல் வாக்குப்பதிவு ஜூலை 10, எண்ணிக்கை 13. தேதிகள் தற்செயலாகவே அமைந்திருக்கலாம். ஆனால் உண்மையிலேயே தனித்து நிற்கும் அமைப்பு என்றால் இப்படிச் சந்தேகப்படவே யாருக்கும் இடம் கொடுக்காமல் ஜூன் மாதமே போட்டிருக்கலாமே.

இதெல்லாம் எங்கோ மேலே நடப்பது, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டு இணைப்பைச் சொல்வேன். மாடிப்படி விளக்கு, தண்ணீர் ஏற்றும் மோட்டார், வாசல் பல்பு. 2022 உத்தரவில் இதைத் தனி வகையாகப் பிரித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டார்கள். நாலு குடும்பம், ஆறு குடும்பம் இருக்கும் சின்ன அடுக்ககங்களில் மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சண்டை வந்தது. மேல்தளத்துக்காரர் லிஃப்ட்டே இல்லாத கட்டடத்துக்கு ஏன் இந்தக் கட்டணம் என்று கேட்க, சங்கச் செயலாளர் என்ன சொல்வார்? ஆட்சேபம் எல்லாம் கருத்துக் கேட்பிலேயே சொல்லப்பட்டதுதான். ஆணையம் இறங்கவில்லை. 2023 அக்டோபரில் முதலமைச்சர் அறிவித்தார்: பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு இடையில் 8 ரூபாய் 15 காசாகிவிட்டிருந்த அந்தக் கட்டணம் இனி 5 ரூபாய் 50 காசு. குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். சின்னக் கட்டடக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தனை பேர் ஆணையத்தின் முன்னால் போய்ச் சொன்னபோது நகராத விலை, முதலமைச்சர் சொன்னதும் நகர்ந்துவிட்டது. இனி யாராவது கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டுமென்றால் கிண்டிக்கு ஏன் போவார்கள்? கோட்டைக்குத்தான் போவார்கள். குறுந்தொழில்காரர்களும் நிலைக்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி 2023இல் அரசிடம்தான் போராடினார்கள். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சட்டத்தில் நமக்கென்று ஓர் ஆலோசனைக் குழு உண்டு. 87ஆவது பிரிவு. வணிகம், தொழில், விவசாயம், தொழிலாளர், நுகர்வோர் என்று பல தரப்பும் உட்கார்ந்து ஆணையத்துக்கு யோசனை சொல்ல வேண்டிய குழு. அதன் தலைவர் ஆணையத்தின் தலைவரேதான், பதவி வழியாக. ஆணையத்தின் மற்ற உறுப்பினர்களும் அதில் உறுப்பினர்கள். ஆணையத்துக்கு யோசனை சொல்லும் கூட்டத்தை ஆணையமே தலைமை தாங்கி நடத்தினால், ‘நீங்கள் போன வருடம் செய்தது தவறு’ என்று யார் வாய் திறப்பார்கள்?

இன்னொரு பிரிவு இருக்கிறது, 94. விசாரணைகளில் நுகர்வோர் சார்பில் வாதாட ஒருவரை ஆணையம் அமர்த்தலாம். மகாராஷ்டிர ஆணையம் புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகளை நுகர்வோர் பிரதிநிதிகளாக ஏற்றுக்கொண்டது. அவர்கள் விநியோக நிறுவனத்தின் ஆயிரம் பக்க மனுவை உட்கார்ந்து பிரித்துப் படித்து, எந்த அட்டவணையில் எந்த எண் பொருந்தவில்லை என்று கேட்டார்கள். தனி மனிதனால் முடியாத வேலை அது. பகிர்மான நிறுவனத்தின் பக்கம் வக்கீல்கள், கணக்காளர்கள், ஆலோசனை நிறுவனங்கள். அவர்களுக்கான செலவும் கட்டணத்தில் சேர்ந்து நம் பில்லில்தான் வருகிறது. எதிர்ப்பக்கத்தில் ஓய்வூதியர் ஒருவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

காற்றாலைக்காரர்கள் கதை வேறு மாதிரி. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் உடுமலைப் பக்கமும் மே மாதம் தொடங்கிக் காற்று வீசும். அந்த நேரத்தில் எந்த ஆலையை ஓட்டு, எதை நிறுத்து என்று சொல்வது மாநில மின்சுமை பகிர்வு மையம். கட்டமைப்பின் பாதுகாப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நடுவர் அது. ஆனால் அந்த மையத்தை நடத்துவது மின்தொடரமைப்புக் கழகம், அதாவது மின்சாரம் வாங்கும் நிறுவனத்தின் உடன்பிறப்பு. காற்றாலைகளைப் போலவே இந்த மையத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சூரிய மின் நிலையங்களை நிறுத்தச் சொன்ன விவகாரம் ஆணையத்துக்கு வந்தபோது அங்கே கிடைக்காத நிவாரணம், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 2021 ஆகஸ்டில் கிடைத்தது. நிறுத்தியதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவானது. மையம் தனி அமைப்பாக இருந்திருந்தால் டெல்லி வரை போக வேண்டியதே வந்திருக்காது. இழப்பீடும் கடைசியில் யார் தலையில் விடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். நியமன முறையை மாற்ற அரசுக்கு மனசு வேண்டும். இரண்டுக்கும் எத்தனை காலம் ஆகுமோ. ஆனால் நான் முதலில் சொன்ன மன்றம் இருக்கிறதே, அது எந்த முறையில் இயங்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை 42ஆவது பிரிவு மாநில ஆணையத்தின் கையில்தான் கொடுத்திருக்கிறது. மத்திய விதி நிறுவனத்தின் அலுவலர் தலைமை தாங்க வேண்டும் என்கிறது, சரி. அவர் புகாருக்கு ஆளான அதே வட்டத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த மத்திய விதி சொல்லவில்லை. விழுப்புரம் வட்டத்துப் புகாரைக் கடலூர் மேற்பார்வைப் பொறியாளர் கேட்கட்டும். கடலூர்ப் புகாரை விழுப்புரத்தார் கேட்கட்டும். இப்போது கணினி வழியாக விசாரணை நடத்தவும் வசதி இருக்கிறது. புதுப் பதவி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. கிண்டியில் நாலாவது மாடியில் உட்கார்ந்து ஒரு பக்கத் திருத்தம் எழுதினால் நடந்துவிடும். அதை எழுத இன்னும் யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள்?